கிரேன் கேபினில் நான் வளர்த்த கிருமிகள்

என் வயிற்றில் என்ன நடக்கிறது என்று என் மனைவிக்குத் தெரிவதற்கு முன்பே எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, எரிச்சலோடுதான் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி செய்கிற ஆலை ஒன்றில் நான் மேல்கிரேன் ஓட்டுகிறேன். ஷெட்டின் கூரைக்குக் கீழே, நாலு மாடி உயரத்தில், இரண்டு தண்டவாளத்தின் மேல் முன்னும் பின்னும் ஓடுகிற கிரேன் அது. அதன் அடியில் தொங்குகிற கண்ணாடிக் கூண்டுதான் என் கேபின். உருகிய இரும்பு நிரம்பிய பெரிய வாளியை, லேடில் என்போம், உலையிலிருந்து தூக்கிக்கொண்டு போய் வார்க்கிற இடத்தில் சேர்ப்பது என் வேலை.

நான் இறங்கினால் கிரேன் நிற்கும். கிரேன் நின்றால் வேலை நிற்கும். அதனால் இறங்குவதற்கு முன்னால் வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும் என்பது விதி. "கிரேன் ஒண்ணு, கீழ எறங்குறேன்" என்று நான் சொன்னால் எடைமேடைக்காரர் முதல் கேட் செக்யூரிட்டி வரை அத்தனை பேர் காதிலும் விழும். காரணத்தை யாரும் கேட்பதில்லை. ஏணியில் நான் இறங்குகிற வேகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். திரும்பி வரும்போது சிலர் அக்கறையாக, "இன்னாண்ணா, ஆச்சா?" என்று வேறு கேட்பார்கள். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும்.

மேல்கிரேன்காரர்களுக்கு என்று ஒரு வீம்பு உண்டு. ஷிப்டுக்கு ஏறினால் ஷிப்டு முடிந்துதான் இறங்குவோம். எட்டு மணி நேரம். டீ கயிற்றில் கட்டின வாளியில் ஏறி வரும், காலி கிளாஸ் அதே வாளியில் இறங்கிப் போகும், ஆள் மட்டும் இறங்க மாட்டான். நடுவில் இறங்குகிறவனை, இவனெல்லாம் எதற்கு ஏறினான் என்கிற மாதிரி பார்ப்போம். எங்கள் ஷெட்டில் இரண்டாவது கிரேனை ஓட்டுகிறவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். இருபது வருஷமாக ஒருநாள்கூட நடுவில் இறங்கியதில்லை என்று பேர் வாங்கினவர். கம்பெனி பார்க்க யாராவது வந்தால் உலையைக் காட்டிவிட்டு அடுத்து அவரைத்தான் காட்டுவார்கள். அவரைப் பார்த்துப் பார்த்து நானும் அந்த வீம்பைப் பிடித்துக்கொண்டேன்.

வீம்புக்கு ஒரு பத்தியம் இருக்கிறது. காலையில் தண்ணீர் குடிக்கக் கூடாது. நாஷ்டா சாப்பிடக் கூடாது. மேலே போய் இரண்டு டீ, அதோடு சரி. ஷிப்டு முடிந்து கேட்டைத் தாண்டியதும் காய்ந்த மாடு கம்பில் விழுந்த மாதிரி பஜ்ஜிக் கடையில் விழ வேண்டியது. ராத்திரிக்குப் பரோட்டா. இப்படிப் பல வருஷம் ஓட்டினேன். வயிறு நாலு நாள் அசைய மாட்டேன் என்று கிடக்கும். ஐந்தாம் நாள், அதுவும் லேடில் கொக்கியில் இருக்கும்போது, இப்போதே இறங்கு என்று அடம்பிடிக்கும். சில நாள் காற்று அடைத்து வயிறு உப்பி, சீட் பெல்ட்டைப் போட முடியாமல் உட்கார்ந்திருப்பேன்.

போன வருஷம் கோடையில் ஒரே வாரத்தில் ஆறு முறை இறங்கினேன். ஷிப்டு இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டார். சூளூர்பேட்டைப் பக்கத்து ஆள், என்னைவிடச் சின்னவர். சந்தோஷமாக இருந்தால் என்னை "நைனா" என்பார். கோபம் வந்தால் "சார்" என்பார். அன்றைக்கு மூன்று முறை "சார்" போட்டார். இன்னும் ஒருமுறை என்னால் வேலை நின்றால் ஸ்கிராப் யார்டுக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். யார்டு என்றால் வெயிலில் நின்றுகொண்டு, கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, காந்தத்தால் ஓட்டை வாளிகளையும் உடைந்த சைக்கிள்களையும் பொறுக்குகிற வேலை. உருகிய இரும்பைத் தலைக்கு மேலே கொண்டுபோகிறவனுக்கு அது கோயில் யானையைக் கொண்டுபோய்க் கரும்பு வண்டி இழுக்கச் சொல்வதுபோல. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலமே ஸ்டேஷன் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் போய் நின்றேன். கடைக்காரர் என் கதையைப் பாதியில் நிறுத்தி ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். உள்ளே இருப்பதெல்லாம் நல்ல கிருமிகள், உயிரோடு இருக்கின்றன, ஒரு மாத்திரையிலேயே கோடிக்கணக்கில் இருக்கின்றன, வயிற்றுக்குள் போய்க் கெட்ட கிருமிகளை விரட்டிவிட்டு அங்கேயே குடித்தனம் பண்ணும் என்றார். வெறும் வயிற்றில் போடாதீர்கள், ஒரு சொம்புத் தண்ணீரோடு போடுங்கள் என்றும் சொன்னார். கோடிக்கணக்கான ஆட்களை ஒரே சின்ன டப்பாவில் வீட்டுக்குக் கொண்டுபோன சந்தோஷம் எனக்கு.

என் மனைவி பழவேற்காட்டு மீனவக் குடும்பத்துப் பெண். டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏரியிலயே இத்தினி உசிரு இல்ல, இந்த டப்பாவுல எங்கியா இருக்குது?" என்றாள். பிறகு அதை ஃப்ரிட்ஜில் வைக்கப் போனாள். அங்கேதான் நான் தப்பு பண்ணினேன். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் அவள் அம்மா வீட்டின் கிளை அலுவலகம். இறால், மடவை, நண்டு என்று கதவு மூடாத அளவுக்கு அடைத்திருக்கும். என் கிருமிகளுக்கு மீன் நாற்றம் ஏறிவிடும், நான் என்னோடு கொண்டுபோகிறேன் என்று பிடுங்கிக்கொண்டேன். மறுநாள் கேபினில், கண்ட்ரோல் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற தகரப் பலகையில் வைத்தேன். டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. கண்ணாடி போட்டால்தான் படிக்க முடியும், கண்ணாடி வீட்டில் இருந்தது. ஈரம் படாத இடம், எலி வராத இடம், திருடன் ஏறாத இடம். இதைவிடப் பத்திரமான இடம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே கிடையாது என்று நினைத்தேன்.

வெறும் வயிற்றில் போடக் கூடாது என்பதால் வீட்டிலேயே நாலு இட்லி சாப்பிட்டுக் கிளம்ப ஆரம்பித்தேன். ஒரு சொம்பு என்று சொன்னதால் பெரிய பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனேன். மேலே ஏறியதும் முதல் வேலையாக மாத்திரையைப் போட்டு, "போங்கடா, போய் ஒழுங்கா வேல செய்யுங்க" என்று வயிற்றைத் தட்டிக்கொடுப்பேன். காண்டிராக்ட் லேபரை ஷிப்டில் இறக்கிவிடுகிற சூப்பர்வைசர் மாதிரி ஒரு மிதப்பு. மூன்று வாரத்தில் வயிறு சொன்ன பேச்சு கேட்க ஆரம்பித்தது. காலையில் வீட்டிலேயே எல்லாம் முடிந்துவிடும். சீட் பெல்ட் சுலபமாக மாட்டியது. இன்ஜினியர் மறுபடி "நைனா" என்றார்.

நல்லது நடந்தால் சும்மா இருக்கிற ஆள் இல்லை நான். கீழே நின்று எனக்குக் கை காட்டுகிற சிக்னல்மேனிடம் போய்ப் பிரசங்கம் பண்ணினேன். வள்ளூர்க்காரன், நல்ல பையன், கல்லைத் தின்றாலும் ஜீரணிக்கிற வயிறு. அவனுக்கு ஒரு கோளாறும் கிடையாது. இருந்தாலும் நான் சொன்ன சொல்லுக்கு ஒரு டப்பா வாங்கினான். உலைக்காரர்கள் இரண்டு பேரும் வாங்கினார்கள். எல்லா டப்பாவும் பத்திரத்துக்காக என் கேபினுக்கு வந்தன. காலை ஏழு மணிக்குக் கயிற்று வாளியில் ஆளுக்கு ஒரு மாத்திரை இறக்குவேன். கீழே இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொள்வார்கள். இரண்டாவது கிரேன்காரர் மட்டும் தன் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கும் ஒன்று அனுப்பட்டுமா என்று சைகையில் கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. மாத்திரை இருக்கிற தைரியத்தில் இட்லியும் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டன. நேரமாகிவிட்டது என்று ஒருநாள் சாப்பிடாமல் போனேன், அப்புறம் அதுவே வழக்கமாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தங்கை வீட்டில் காதுகுத்து. இறால் பிரியாணி, நண்டு வறுவல், மேலே மறுபடி இறால். என் உள்ளே இருக்கிற கோடி ஆட்களும் பார்த்துக்கொள்வார்கள் என்று மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். திங்கட்கிழமை காலை வயிறு இறுகியபோது ஒரு மாத்திரைக்குப் பதில் நாலு போட்டேன். கூடுதல் ஆள் இறக்குகிறேனாம்.

பத்து மணிக்கு லேடில் நிரம்பியது. தூக்கினேன். பாதி வழியில் வயிற்றுக்குள் யாரோ துணி பிழிகிற மாதிரி பிழிந்தார்கள். கொக்கியில் சுமையை வைத்துக்கொண்டு எந்த ஆபரேட்டரும் எழுந்திருக்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கை என்னை அறியாமல் லிவரை வெட்டி இழுத்தது. லேடில் ஆடியது. விளிம்பிலிருந்து தெறித்த இரும்பு, கீழே நின்ற சிக்னல்மேனின் ஷூவுக்குப் பக்கத்தில் விழுந்து பூப்பூவாய் சிதறியது. அவன் பின்னால் குதித்ததைப் பார்த்தேன். ஷூவின் நுனியில் புகை வந்தது. அந்த நிமிஷம் வயிற்று வலி, மானம், யார்டு எதுவும் ஞாபகத்தில் இல்லை. லேடிலை எப்படிக் கொண்டுபோய் வைத்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஷூ மட்டும் போயிற்று. வைத்துவிட்டு, வாக்கிடாக்கியில் சொல்லாமல்கூட இறங்கி ஓடினேன்.

அன்றைக்கு எத்தனை "சார்" விழுந்தது என்று எண்ணவில்லை. டாக்டரிடம் காட்டி, கிரேன் ஓட்டலாம் என்று சனிக்கிழமைக்குள் லெட்டர் கொண்டுவந்தால் கேபின், இல்லையென்றால் யார்டு என்றார் இன்ஜினியர்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். மலத்தில் ரத்தம் போகிறதா, எடை குறைந்திருக்கிறதா, தூக்கத்தில் வலி எழுப்புகிறதா என்று முதலில் கேட்டார். இருந்தால் உடனே வேறு பரிசோதனை செய்ய வேண்டும் என்றார். எதுவும் இல்லை. நான் பெருமையாகக் கேபினிலிருந்து எடுத்துவந்த டப்பாவை மேஜையில் வைத்தேன். அவர் பின்பக்கத்தைப் படித்தார்.

"இத எங்க வெச்சிருந்தீங்க?"

"கேபின்ல, மேடம். பத்திரமா."

"கேபின் எங்க இருக்கு?"

"உலைக்கு மேல."

"எவ்வளவு சூடு இருக்கும்?"

எங்கள் தொழிலைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு வாய் நிற்காது. கேபின் ஏசி ரிப்பேராகிப் பல மாதம் ஆகிறது, உலை திறந்தால் கண்ணாடியில் கை வைக்க முடியாது, தகரப் பலகையில் வைத்த டீ ஒரு மணி நேரம் ஆறாது என்று அளந்துவிட்டேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்த நர்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஐயா, அதுங்க எல்லாம் என்னிக்கோ செத்துப் போயிருக்கும்," என்றார் டாக்டர்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியென்றால் முதல் மாதம் எப்படிச் சரியாயிற்று என்று கேட்டேன். மாத்திரையோடு வேறு என்ன மாற்றினீர்கள் என்று திருப்பிக் கேட்டார். இட்லியையும் சொம்புத் தண்ணீரையும் சொன்னேன். எப்போது நிறுத்தினீர்கள் என்றார். சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். எனக்கே விளங்கிவிட்டது.

பிறகு பொறுமையாக விளக்கினார். அந்தக் கிருமிகள் உயிரோடு போயிருந்தாலும் நிரந்தரமாகக் குடித்தனம் பண்ணுமென்று நம்பக் கூடாதாம். பெரும்பாலும் வந்த விருந்தாளி மாதிரி சில நாள் இருந்துவிட்டுப் போய்விடுமாம். ஒவ்வொரு வகைக் கிருமியும் ஏதோ ஒரு கோளாறுக்குத்தான் கொஞ்சம் உதவுமாம், சிலருக்கு அதுவும் இல்லையாம். எல்லா வயிற்றுக்கும் ஒரே டப்பா என்று எதுவும் கிடையாதாம். என் வயிற்றில் ஏற்கெனவே எனக்கென்று இருக்கிற கிருமிகளை நான் வருஷக்கணக்காகப் பட்டினி போட்டிருக்கிறேன் என்றார். கீரை, பயறு, காய், வாழைப்பழம், தயிர், நேரத்துக்குச் சாப்பாடு, போதுமான தண்ணீர். இவ்வளவுதான். டப்பாவுக்குள் அடைக்க முடியாத மருந்து.

"கடைசியா ஒண்ணு கேக்கறேன். வந்தா எவ்வளவு நேரம் அடக்குவீங்க?"

"ஷிப்டு முடியற வரைக்கும். எட்டு மணி நேரம்."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. பேடை இழுத்து எழுதினார். இவர் கிரேன் ஓட்டத் தகுதியானவர், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கீழே இறங்க அனுமதிக்க வேண்டும் என்று. நான் கெஞ்சினேன். அந்த இரண்டாவது வரியை மட்டும் விட்டுவிடுங்கள், வேண்டுமானால் நாலு ஊசி போடுங்கள் என்றேன். முடியாது என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "அப்போ ரெண்டு மாசமா நீ கருவாடு துன்னுக்கினு இருந்தியா?" என்றாள். சிக்னல்மேனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், ஷூவுக்கும் மாத்திரைக்கும் சேர்த்து. தனக்கு நன்றாகத்தானே இருந்தது என்றான் அவன். உனக்கு முன்னாலும் நன்றாகத்தான் இருந்தது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஆமாம் என்றான்.

லெட்டரை மூன்று நாள் டிபன் பையிலேயே வைத்திருந்தேன். கொடுத்தால் வீம்பு போகும், கொடுக்காவிட்டால் கேபின் போகும். வெள்ளிக்கிழமை கொடுத்தேன். இன்ஜினியர் எதையும் சத்தமாகப் படிக்கிற பழக்கமுள்ளவர். ஆபீஸ் ரூமுக்கு வெளியே நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்குகிற ஆபரேட்டரை வைத்துக்கொண்டு எப்படி இரும்பு ஊற்றுவது, திங்கட்கிழமையிலிருந்து யார்டுக்குப் போய்விடுங்கள் சார் என்றார். முடிந்தது கதை.

பைக் ஸ்டாண்டில் வண்டியை எடுக்கும்போது யாரோ தோளைத் தொட்டார்கள். இரண்டாவது கிரேன்காரர். இருபது வருஷம் இறங்காதவர். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"அந்த லெட்டர ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கறியா? பேரு இருக்கிற எடத்த மட்டும் மறைச்சிட்டு."

கேலி பண்ணுகிறார் என்று நினைத்து எரிந்து விழப் பார்த்தேன். முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். மனிதருக்கு உதடு வறண்டு வெடித்திருந்தது. இத்தனை வருஷம் பார்த்த முகம், அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். ஜெராக்ஸெல்லாம் வேண்டாம், என்னோடு வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இன்ஜினியர் ரூமுக்குத் திரும்பிப் போனேன். கதவு வரை வந்துவிட்டு அவர் நின்றார். திரும்பி ஓடிவிடுவார் என்று நினைத்தேன். உள்ளே போனார்.

"சார், என்னியும் யார்டுக்கு அனுப்பிடுங்க," என்றார்.

இன்ஜினியர் புரியாமல் விழித்தார்.

"ஊட்ல கேட்டா கேன்டீன்ல சாப்புடறேன்னு சொல்லுவேன். கேன்டீன்ல கேட்டா ஊட்ல சாப்ட்டேன்னு சொல்லுவேன். இருவது வருசமா காலைல எங்கயும் சாப்புட்டது இல்ல சார். சாப்ட்டா எறங்கணுமே."

இன்ஜினியர் என் லெட்டரை மறுபடி எடுத்தார், இந்த முறை மனதுக்குள் படித்தார். ஷெட்டில் இருப்பது இரண்டு கிரேன். ஒரே ஷிப்டில் இரண்டு ஆபரேட்டரையும் யார்டுக்கு அனுப்பிவிட்டு அவரே ஏறி ஓட்ட முடியாது. அதைவிட, கம்பெனி பார்க்க வருகிறவர்களுக்கு இத்தனை காலம் அவர் காட்டிக்கொண்டிருந்தது ஒரு பட்டினி ஆளை. உட்காருங்க நைனா என்றார், யாரைச் சொன்னார் என்று தெரியாமல் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். மாற்று ஆள் வேண்டும் என்றார். சிக்னல்மேனிடம் கிரேன் லைசென்ஸ் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆறு வருஷமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கீழே நின்று கை காட்டிக்கொண்டிருக்கிறான். நாங்கள் இறங்கினால்தானே அவன் ஏற முடியும்? அவன் பேரை நான்தான் சொன்னேன். என் யார்டு ஆர்டரை இன்ஜினியர் கிழித்துப் போட்டார்.

பத்து நாள் பழக்கிவிட்டு, சிக்னலுக்கு வேறு ஆளை வைத்துவிட்டு, அவனை மாற்று ஆபரேட்டராக ஏற்றினார்கள். முதல் நாள் பத்து மணிக்கு என் கிரேன் பக்கத்து உலை ஓய்ந்திருந்தது. அவன் இரண்டாவது கிரேனில் ஏற, அவர் இறங்கினார். இருபது வருஷத்தில் முதல் முறையாகப் பட்டப்பகலில் ஏணியில் இறங்குகிறவரை ஷெட்டே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. ஒருவரும் கிண்டல் பண்ணவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கேன்டீனில் போய் உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு தட்டில் நாலு இட்லி, தட்டைப்பயறு சாம்பார்.

அவர் சாப்பிடவில்லை. ஷெட் பக்கம் காது கொடுத்துக்கொண்டிருந்தார். லேடிலைத் தூக்குகிற ஹாரன் கேட்டது. மோட்டார் சீராக ஓடியது. வெட்டி இழுக்கிற சத்தம் ஒன்றுகூட இல்லை. வைத்துவிட்டதற்கான ஹாரனும் கேட்டது. எல்லாம் எப்போதும்போல நடந்து முடிந்தது.

"நல்லாத்தான் ஓட்றான்," என்றார்.

நான் ஆமாம் என்றேன்.

"நான் எறங்குனா எல்லாம் நின்னு பூடும்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்."

அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும் என்னவோபோல் ஆயிற்று. என் தட்டிலிருந்து ஒரு இட்லியை எடுத்து அவர் தட்டில் வைத்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அஞ்சையும் சாப்பிட்டார்.